மூணாறு முதல் வர்க்கலா வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பரில் மதுரையிலிருந்து குடும்பத்தோடு கேரளா கிளம்புகிறோம். ஐந்து நாளில் மூணாறு, தேக்கடி, கொச்சி, ஆலப்புழை, வர்க்கலா எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

பதில்: பார்க்கலாம், கார் ஜன்னல் வழியாக! மூணாறிலிருந்து தேக்கடி 90 கி.மீ.தான், ஆனால் மலைப்பாதை என்பதால் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து ஆலப்புழைக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்கு மேல். தேக்கடியையும் கொச்சியையும் விட்டுவிடுங்கள். தேக்கடி உங்களுக்குக் கம்பம் வழியாக இன்னொரு வார இறுதியில் போய்வரக்கூடிய இடம்தானே?

போடிமெட்டு, பூப்பாறை வழியாக ஏறி மூணாறில் இரண்டு இரவு தங்குங்கள். அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்கி ஆலப்புழையில் ஓர் இரவு, வர்க்கலாவில் ஓர் இரவு. மலையை முதலில் முடித்தால் ஸ்வெட்டர்களைப் பெட்டியின் அடியில் போட்டுவிடலாம். டிசம்பர் இரவுகளில் மூணாறு 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு டாக்டரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

கேள்வி: படகு வீடு புக் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 'ஏசி உண்டு' என்றால் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பல படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரைதான் ஓடும். பெரும்பாலும் நண்பகலில் ஏற்றி, மறுநாள் காலை 9 மணிவாக்கில் இறக்கிவிடுவார்கள். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் மாலை ஐந்தரைக்கெல்லாம் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். எனவே தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பயணமே சுருங்கிவிடும். குறுகிய கால்வாய்களுக்குள் படகு வீடு நுழையாது. கிராமங்களைப் பார்க்க ஷிகாரா எனும் சிறு படகைத் தனியாகப் பிடியுங்கள்.

கேள்வி: பிப்ரவரியில் போனால் வரையாடு பார்க்கலாமா?

பதில்: குட்டி ஈனும் காலம். அதனால் மூணாறு அருகே வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள்.

கேள்வி: வர்க்கலா கடலில் குளிக்கலாமா?

பதில்: உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்காதீர்கள். தண்ணீர் கடலுக்குள் திரும்பி ஓடும் பாதை அது. சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட வேண்டாம், களைத்துவிடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடலில் இறங்குவதே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் திடீரென்று கடல் பொங்கும், 'கள்ளக்கடல்' என்பார்கள். அந்த எச்சரிக்கை வந்தால் மணலில்கூட உட்கார வேண்டாம்.