வெள்ள நிவாரணம் நமக்கும் கிடைக்குமா?

கிடைக்கும், தயங்காமல் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் வெள்ளம் புகுந்த வீட்டுக்கு 'கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ்' தொண்டு நிறுவனம் உதவுமா, நாங்கள் இந்துக்களாயிற்றே என்று கேட்டிருந்தீர்கள். மதம், இனம் பார்க்காமல் உதவச் சொல்லி சூஃபி குரு ஒருவர் சொன்னதால்தான் டாக்டர் இம்தியாஸ் சுலைமான் 1992இல் அதைத் தொடங்கினார்.

முஸ்லிம்களுக்கு மட்டும்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, முஸ்லிம்கள் கடமையாகக் கொடுக்கும் ஜகாத்தை நினைத்து இருக்கலாம். அது பெரும்பாலும் ஏழை முஸ்லிம்களுக்கென்று ஒதுக்கும் பணம். விருப்பப்பட்டுக் கொடுக்கும் தர்மமான சதகா அப்படியில்லை, யாருக்கும் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது இவர்கள் லாரியில் வந்த தண்ணீரை என் அம்மா பூஜைச் சொம்பிலும் பிடித்து வைத்தார். யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை.

வார்டு கவுன்சிலரின் பட்டியலில் உங்கள் வீட்டு எண், ஆள் கணக்கு, குழந்தைகளின் வயது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் 'கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ்' அலுவலகத்துக்கும் நேரே போன் போடுங்கள்.

ஒன்று, முதலில் வருவது தண்ணீர், சாப்பாடு, போர்வைதான். பதிவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.