போய் வந்தவரைக் கேளுங்கள்: மவுரித்தானியாவுக்குப் போன டீ மேக்கர்

(கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் டீ மேக்கராக (தேயிலை பதப்படுத்துவதைக் கவனிப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர் இவர். போன குளிர்காலத்தில் மனைவியோடும் நான்கு நண்பர்களோடும் மவுரித்தானியாவில் பதினாறு நாள் இருந்துவிட்டு வந்தார். வாசகர்களின் கேள்விகளுக்கு அவரே எழுதி அனுப்பிய பதில்கள் இவை.)

மொரிஷியஸுக்குப் போய்விட்டுப் பாலைவனம் என்கிறீர்களே, அங்கே கடற்கரைதானே இருக்கிறது? (வாசகர், ஊட்டி)

நீங்களாவது மரியாதையாகக் கேட்டீர்கள். மேட்டுப்பாளையத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் என் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே "ஹனிமூனா சார்?" என்றார். மொரிஷியஸ் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு. நான் போனது மவுரித்தானியா. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம், அட்லாண்டிக் கரை, செனகலுக்கு வடக்கே. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு, ஆனால் மொத்த ஜனமே சுமார் 50 லட்சம்தான். பெரும்பகுதி சகாரா. பேச்சு ஹஸ்ஸானியா என்ற அரபி, ஓரளவு பிரெஞ்சும் ஓடும். மதுவுக்குத் தடை. அந்த ஒரு வரியிலேயே என் நண்பர்களில் இருவர் கழன்றுகொண்டார்கள். அதனால்தான் ஆறு பேர்.

ராஜஸ்தானில் இல்லாத மணலா? (வாசகர், குன்னூர்)

மணல் இருக்கிறது. நான் ஜெய்சல்மேரும் போயிருக்கிறேன். சாயங்காலம் மணல் மேட்டில் ஏறி உட்கார்ந்தால் அடுத்த மேட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். சிங்கெட்டி என்ற பழைய பாலைவன ஊரிலிருந்து வதான் என்ற ஊர் வரை நாங்கள் நடந்த ஐந்து நாளில் பார்த்த வேற்று மனிதர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் நாலு பேர் ஒரே கிணற்றடியில்.

நாங்கள் வருடா வருடம் ஒரு பஸ் நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு காசிக்குப் போகிறோம். தலைக்கு ஆகும் செலவும் குறைகிறது. நீங்கள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்வது ஏன்? (வாசகி, கொடைக்கானல்)

உங்கள் கணக்கு காசிக்குச் சரி அம்மா. அங்கே நாற்பது பேருக்கும் சத்திரம் உண்டு, இட்லிக் கடை உண்டு. பாலைவனத்தில் தண்ணீரை ஒட்டகத்தின் முதுகில் கேனில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். குடிக்க, சமைக்க, முகம் கழுவ எல்லாம் அதற்குள். ஆள் கூடினால் ஒட்டகம் கூடும், ஒட்டகம் கூடினால் ஒட்டகக்காரர் கூடுவார், அவருக்கும் தண்ணீர் வேண்டும். வழியில் இருக்கும் கிணறோ ஒன்று இரண்டு. கயிறு இழுக்கிற சின்னக் கிணறு.

ஆனால் எனக்கு இது உறைத்தது தண்ணீரில் இல்லை, டீயில். என் தொழில் அதுதானே, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் ஒரு செடி தேயிலை விளையாது. ஆனாலும் நாள் முழுக்க டீதான். சீனாவிலிருந்து வருகிற பச்சைத் தேயிலை. வறுத்து, மிளகு போல உருட்டி வைத்திருப்பார்கள். உள்ளங்கை அகலக் கெட்டிலில் ஒரு பிடி போட்டு, கொதிநீர் ஊற்றிக் குலுக்கி, அந்த முதல் சாற்றைத் தனியாக ஒரு கிளாஸில் எடுத்து வைத்துவிடுவார்கள். அடுத்து ஊற்றுகிற தண்ணீர் அழுக்குக் கழுவுகிற தண்ணீர். அதை மணலில் கொட்டிவிட்டு, எடுத்து வைத்த சாற்றைத் திரும்பக் கெட்டிலில் சேர்ப்பார்கள். கரி நெருப்பில் கொதிக்கவிட்டு, சர்க்கரை போட்டு, புதினா போட்டு, அப்புறம் ஆரம்பிக்கும் ஆற்றுகிற வேலை. நம் டீக்கடைக்காரர் மாதிரி வீச்சு கிடையாது. கட்டை விரல் உயர கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, திரும்ப முதலாவதற்கு. பாதி கிளாஸுக்கு வெள்ளை நுரை கட்டும்வரை விடமாட்டார்கள். அதற்கு மேல்தான் டீ. ஆளுக்கு மூன்று மடக்கு இருக்கும். குடித்து முடித்தால் அதே இலையில் இரண்டாவது சுற்று, பிறகு மூன்றாவது. முதல் சுற்று கசப்பு, போகப்போகத் தித்திப்பு. மூன்றாவது கிளாஸ் முடியுமுன் எழுந்து போவது மரியாதை இல்லை. முதல் நாள் நான் வாட்ச்சைப் பார்த்தேன்: ஒரு மணி பத்து நிமிடம்.

நல்ல டீக்கு மூன்று "ஜ" வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. ஜமர் என்றால் கனல். ஜர் என்றால் இழுப்பது, நாம் சொல்கிற இழுத்தடிப்புதான், ஆனால் அங்கே அது பாராட்டு. மூன்றாவது ஜமாஅ, கூடியிருப்பது. நாமும் ஜமா சேர்ந்தது என்போமே, அதே சொல். அந்தக் கெட்டில் ஆறு ஏழு கிளாஸுக்குத்தான் காணும். நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒட்டகக்காரர் பாவம், ஃபிளாஸ்க்தான் தூக்க வேண்டிவரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மானம் போனாலும். நான் பரிசாகக் கொடுக்க நம் ஊர்ப் பச்சைத் தேயிலை அரைக் கிலோ கொண்டுபோயிருந்தேன். நல்ல கொழுந்து, இரண்டு இலையும் மொட்டும். ஒட்டகக்காரர் முகர்ந்து பார்த்தார், தலையாட்டினார், கெட்டிலில் போட்டார். முதல் சுற்று பரவாயில்லை. இரண்டாவதில் சாயம் ஓடிவிட்டது. நுரை நிற்கவே இல்லை. மனிதர் ஆற்றி ஆற்றிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பிறகு அவர் கெட்டிலில் மிச்சமிருந்த இலையை எடுத்து விரித்துப் பார்த்தேன். முற்றல் இலை. எங்கள் ஃபேக்டரி வாசலில் வந்திருந்தால் எடை போடும்போதே கழித்திருப்பேன். மூன்று தடவை கொதிக்கிற டீக்கு இளங்கொழுந்து தாங்காது என்று எனக்கு 63 வயதில் தெரிந்தது. மீதிக் கொழுந்தை என் மனைவி பால் பவுடர் போட்டு நமக்குத் தெரிந்த டீயாகத் தீர்த்தாள்.

எனக்குப் பத்து நாள் லீவு. நுவாக்சோட், சிங்கெட்டி, வதான், ரிஷாட் வளையம், இரும்புத்தாது ரயில், பறவைகள் சரணாலயம், எல்லாம் முடியுமா? (வாசகர், கூடலூர்)

முடியும். எங்களுக்கு முதலில் ஒரு ஏஜென்சி அனுப்பிய திட்டமும் அப்படித்தான் இருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் ஜீப், ராத்திரி எந்த ஊரில் படுத்தோம் என்றே தெரியாது. நான் ஒரு பேனாவை எடுத்துப் பாதியை அடித்தேன், அதற்கு நண்பர் ஒருவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவருக்கு ரயில்மேல் ஆசை. நியாயமான ஆசைதான். சுவேரத் சுரங்கத்திலிருந்து நுவாதிபு துறைமுகத்துக்கு 700 கிலோமீட்டர், ரயிலின் நீளம் இரண்டரை கிலோமீட்டர் வரை போகும். நம் மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் ஓடுகிற தூரமே 46 கிலோமீட்டர்! ஆனால் அதைப் பிடிக்க சூம் என்ற ஊருக்குப் போய் எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். விட்டுவிட்டோம்.

மிச்சம் வைத்தது இவ்வளவுதான். தலைநகர் நுவாக்சோட்டில் இரண்டு நாள். மீன்பிடித் துறைமுகத்தில் சாயங்காலம் வண்ணப் படகுகள் கரையேறுவதை அவசியம் பாருங்கள். அங்கிருந்து அதார் என்ற ஊர் 430 கிலோமீட்டர் சொச்சம், தார்ச்சாலை. தெர்ஜித்தில் இரண்டு ராத்திரி. பாறை இடுக்கில் ஊற்று, பேரீச்ச மரம், நம் ஷோலாக் காட்டுக்குள் நுழைந்த மாதிரி சட்டென்று குளிர். பிறகு சிங்கெட்டி, அங்கிருந்து நடை.

சிங்கெட்டியில் நான்கு நாள் இருந்தோம், அதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை, ரயில் நண்பர் உட்பட. மக்காவுக்குப் போகிற யாத்திரிகர்கள் கூடிய பழைய ஊர். அதுவும் வதான், திஷித், வலாத்தாவும் சேர்ந்து 1996-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பழைய தெருவில் மணல் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. சில வீட்டுக்கு வாசலே இல்லை, கூரைதான் தெரிகிறது. குடும்பங்கள் வைத்திருக்கும் பழைய கையெழுத்து ஏட்டு நூலகங்கள் இன்னும் இருக்கின்றன. நாங்கள் போன ஒன்றின் கதவுக்கு மரப் பூட்டு. சாவியும் மரம், பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு முனையில் குச்சிப் பற்கள். அதைப் பூட்டுக்குள் விட்டுத் திருகவில்லை, மேலே தூக்கினார் பெரியவர். கதவு திறந்தது. முதல் நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த இரண்டு புத்தகத்தைக் காட்டி அனுப்பினார். மூன்றாம் நாளும் நாங்கள் போய் நின்றதும் சிரித்துவிட்டார். கையுறை போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு வானியல் ஏட்டை எடுத்து வந்து, வட்டம் வட்டமாகப் போட்டிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பத்து நாளில் ஆறு இடம் பார்த்திருந்தால் எங்களுக்கு அந்த மூன்றாம் நாள் கிடைத்திருக்காது.

ரிஷாட்டைப் பற்றி: அது சுமார் 40 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வளையம். விண்கல் விழுந்த பள்ளம் என்று முன்பு நினைத்தார்கள். உண்மையில் பூமிக்குள்ளிருந்து புடைத்த பாறை அரிபட்டுத் தேய்ந்தது. மேலிருந்து பார்த்தால்தான் கண் மாதிரி தெரியும். தரையில் நின்றால் வெறும் கல்மேடு. போனில் படம் பாருங்கள், போதும்.

வயது 59, முழங்கால் வலி, சைவம். வரலாமா? கழிப்பறைக்கு என்ன செய்வது? (வாசகி, குன்னூர்)

என் மனைவிக்கு 58, வலது முழங்கால் கோளாறு. சமமணலில் நடப்பது நம் ஊர்ப் படிக்கட்டு இறங்குவதைவிட மேல் என்கிறாள். மேடு ஏறும்போதுதான் ஓரடி வைத்தால் அரை அடி சறுக்கும். முன்னால் போகிறவர் கால் பதித்த இடத்தில் வைத்து நடக்க வேண்டும். காலையில் நான்கு மணி நேரம், பதினொன்றரைக்கு வேல மரத்தடியில் படுத்தால் மூன்றரைக்கு எழுந்து இன்னும் இரண்டு மணி நேரம். நாளுக்கு 20 கிலோமீட்டர் சுமார். முடியாதவர் ஏறிக்கொள்ள ஓர் ஒட்டகம் சும்மாவே வரும். ஷூவை ஊரிலேயே போட்டுப் பழக்குங்கள். நான் புதிதாக வாங்கிப் போட்டு இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

சாப்பாடு: நகரத்தில் சோறும் மீனும். பாலைவனத்தில் கூஸ்கூஸ் (கோதுமை ரவை மாதிரி ஒன்று), அதன் மேல் கேரட், உருளை, முட்டைக்கோஸ். ஊட்டிக் காய்கறியை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் விடவில்லையே என்று சிரித்தோம். காலையில் மணல் ரொட்டி. கனலைத் தள்ளிவிட்டு, சூடான மணலில் மாவை வைத்து மணலாலேயே மூடிவிடுவார்கள். எடுத்துக் கையால் தட்டி மணலை உதிர்த்துவிட்டுக் கொடுத்தால், பல்லில் ஒரு பொடி நறநறக்காது. எப்படி என்று என் மனைவி மூன்று நாள் கூடவே உட்கார்ந்து பார்த்தாள், இன்னும் பிடிபடவில்லை. குழம்பில் இறைச்சி போடாதே என்பதை மட்டும் தினமும் காலையில் ஞாபகப்படுத்துங்கள்.

கழிப்பறை மணல் மேட்டின் மறுபக்கம். பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம் என்று முதல் நாளே பேசிவிடுவோம். தீப்பெட்டி கொண்டுபோய் காகிதத்தை எரித்துவிட வேண்டும். இதற்கும் சின்னக் கூட்டமே வசதி.

குளிர் உடுப்பை மறக்காதீர்கள். ஜனவரி ராத்திரி நம் கோத்தகிரி மாதிரியே நடுங்கும்.

விசா, ஊசி, பணம், பாதுகாப்பு? (பலர்)

2025 ஜனவரியிலிருந்து முன்கூட்டியே ஆன்லைனில் விசா எடுக்க வேண்டும். இஸ்தான்புல் மாறியோ காசாபிளாங்கா மாறியோ போகலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி முக்கியம், போவதற்கு இல்லாவிட்டாலும் வருவதற்கு. அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். 60 தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

பாஸ்போர்ட் நகல் குறைந்தது முப்பது எடுத்துப்போங்கள். சாலையில் சோதனைச் சாவடிக்குச் சாவடி ஒன்று கேட்பார்கள். சாவடியையும் சீருடைக்காரரையும் போட்டோ எடுக்கக்கூடாது. மாலி எல்லைப் பக்கமும் கிழக்குக் கோடியும் வேண்டாம், நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பணம் உகியா. யூரோவாகக் கொண்டுபோய் மாற்றுங்கள். 2018-இல் ஒரு பூஜ்யத்தை வெட்டினார்கள், ஆனால் வாய் இன்னும் பழைய கணக்கிலேயே பேசுகிறது. அதார் சந்தையில் தலைப்பாகைத் துணி "இரண்டாயிரம்" என்றார் கடைக்காரர். நான் இரண்டாயிரம் எண்ணிக் கொடுத்தேன். அவர் இருநூறை எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பினார்.

அங்கே செடி கொடி ஏதாவது உண்டா? (வாசகர், கோத்தகிரி)

எருக்கு! சாலையோரம் முழுக்க எருக்கு, பிள்ளையாருக்கு மாலை கட்டலாம் போல. அப்புறம் வேல மர இனம். நம் மலையைப் பிடித்து ஆட்டுகிற சீகை (வாட்டில்) மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். இங்கே எதை வெட்டித் தொலைக்கலாம் என்று பார்க்கிறோமோ அதன் உறவுக்காரன் நிழலில் தினமும் நான்கு மணி நேரம் படுத்திருந்தேன்.

தாத்தா, ஒட்டகத்தில் ஏறினீர்களா? (எட்டாம் வகுப்பு மாணவன், பூம்பாறை)

ஏறினேன் தம்பி. அது முதலில் பின்னங்காலைத்தான் தூக்கும், அது எனக்குத் தெரியாது. கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டேன். மீதி வழி முழுக்க அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன்.