அவன் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

கடலூர் திருப்பாப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளிகளை நவம்பர் 1-ஆம் தேதி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை திறக்கிறார்கள். என் ஒரே பையனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்போடு வீட்டுக்கு வந்தவன், நாலாம் வகுப்பு டீச்சர் முகத்தை செல்போனில்தான் பார்த்தான். அந்த செல்போனும் ஒன்றுதான். வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். ஏழாம் வாய்ப்பாடு மறந்துவிட்டான். தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்.

கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டால் அனுப்பலாம் என்கிறார்கள். கட்டாயம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது முடிவு எங்கள் தலையில். வீட்டுக்காரர், "ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் போவும், நீ மட்டும் அடைகாத்துக்கிட்டு இரு" என்று கத்துகிறார். ஒரு வாரமாகச் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. மே மாதம் என் மாமனார் கொரோனாவில் போய்விட்டார். பேரன் என்றால் அவருக்கு உயிர். மஞ்சக்குப்பத்தில் இருக்கிற பள்ளிக்கு தினமும் டிவிஎஸ் 50-இல் அவர்தான் கூட்டிப்போவார், கூட்டிவருவார். ஊரடங்கில் பையன் எனக்குத் தெரியாமல் தெருவில் கிரிக்கெட் ஆடப் போவான். மே நடுவில் இரண்டு நாள் அவனுக்கு லேசான காய்ச்சல், பாராசிட்டமாலில் சரியாகிவிட்டது, டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. அந்த வாரம்தான் மாமனார் ரேஷன் கடையில் நின்று நிவாரணப் பணம் 2000 ரூபாய் வாங்கிவந்து, அதில் இருபது ரூபாயைப் பேரன் கையில் கொடுத்தார். அதற்கு மூன்று நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் போன் வந்தது. சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். முகம்கூடப் பார்க்கவில்லை. நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன் வீட்டுக்குள் இருந்தான்.

இப்போது மாமியார் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, சர்க்கரை. கொரோனா தடுப்பூசி போடவில்லை. "விவேக் போட்ட மறுநாளே விழுந்தாரே, எனக்கு வேணாம்" என்று பிடிவாதம்.

பையனும் பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறான். முன்பு ஞாயிற்றுக்கிழமைகூடப் பையை மாட்டிக்கொண்டு நிற்பவன். "நான் போனா ஆயாவுக்கு வந்துடும்" என்கிறான். அவனாகவே ஆயா பக்கத்தில் படுப்பதை நிறுத்திவிட்டான். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து தடவை சோப்பு போட்டுக் கை கழுவுகிறான். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. அவனே பயப்படுகிறான், வீட்டிலேயே இருக்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. இதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. மாமனாரின் காரியம் முடிந்த மறுநாள் பையன் மறுபடி தெருவுக்கு ஓடினான். இழுத்துவந்து முதுகில் இரண்டு வைத்து, "நீ ஆடப் போனதாலதான்டா தாத்தா போயிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அவன் அழவில்லை. உள்ளே போய்விட்டான்.

அனுப்பலாமா வேண்டாமா, சொல்லுங்கள்.

ஒரு தாய், கடலூர்
17.10.2021

*

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் 1-ஆம் தேதிக்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் அவனை அனுப்பினாலும் வீட்டில் வைத்துக்கொண்டாலும் அவன் கை கழுவிக்கொண்டேதான் இருப்பான்.

கடைசிப் பத்தியை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. எழுதியது நல்லது. முகம் பார்க்காமல் ஒருவரை அனுப்பிவிட்டு, பதினாறு நாள் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. உங்களைக் கெட்ட தாய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவன் அந்த வார்த்தையை நம்பிவிட்டான். பத்து வயதுப் பிள்ளைகள், வீட்டில் கெட்டது நடந்தால் 'நான் என்ன செய்தேன்' என்று தங்களுக்குள்ளேயே தேடுவார்கள். அவன் தேடுவதற்கு முன்பே நீங்கள் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரியவர்களின் மௌனத்தைப் பிள்ளைகள் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆயாவின் உயிரைக் காப்பாற்றுகிற பொறுப்பு தன்னுடையது என்று நாலு மாதத்துக்கும் மேலாக அவன் ஒற்றையாளாய்ச் சுமக்கிறான். நீங்கள் அதைப் பயம் என்கிறீர்கள். எனக்கு அது ஒரு குழந்தை தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனையாகத் தெரிகிறது.

முதலில் நீங்களே ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மே மாதத்தில் எப்படி இருந்தது? 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று என்று அறிவித்தார்கள், அதுவும் டெஸ்ட் எடுத்தவர்கள் கணக்கு மட்டும். உங்கள் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார், மாமனார் ரேஷன் கடையில் நின்றார், நீங்களும் காய்கறி வாங்கப் போயிருப்பீர்கள். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றக்கூடிய நோய் இது. பையனுக்கு வந்தது கொரோனாதானா என்பதே தெரியாது. யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அதற்காகப் பழியைத் தூக்கி வீட்டுக்காரர் மேலோ, இறந்தவர் மேலோ வைத்துவிடாதீர்கள். அதை யார் மேலும் வைக்க வேண்டியதில்லை.

இதை வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கோபப்படுவார். பட்டுவிட்டுப் போகட்டும். அவரும் அப்பாவை இழந்தவர், அதைப் பற்றி நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா என்று எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடம் என்று நீங்கள் போடுகிற சண்டையில் பாதி, இறந்துபோன உங்கள் மாமனாரைப் பற்றிய அழுகைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு பையனிடம் பேசுங்கள். சாப்பிட்ட பிறகு, டிவியை அணைத்துவிட்டு, அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். சுற்றி வளைக்க வேண்டாம்: "அன்னிக்கு அம்மா உன்னை அடிச்சு ஒரு வார்த்தை சொன்னேனே, அது தப்புடா. தாத்தா போன துக்கத்துல சொல்லிட்டேன். தாத்தாவுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அம்மாவை மன்னிச்சுடு." அவன் ஒன்றும் பேசாமல் இருக்கலாம். "எனக்கு ஞாபகமே இல்ல" என்றும் சொல்வான். விட்டுவிடுங்கள், ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை சொல்லுங்கள்.

புத்திசாலிப் பிள்ளை. ஒரு கேள்வி கேட்பான்: "ஒருவேள என்கிட்டருந்துதான் வந்திருந்தா?" இந்தக் கேள்விக்கு நீங்கள் தடுமாறக் கூடாது. 'இல்லவே இல்லை' என்று அடித்துச் சொன்னால் அவன் நம்ப மாட்டான், ஏனென்றால் உங்களுக்கும் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். "வந்திருந்தாலும் அது உன் தப்பு இல்லடா. கிருமி யாரையும் கேட்டுக்கிட்டு வரல. நீ தாத்தாவுக்கு எதுவும் பண்ணல" என்று சொல்லுங்கள். அவன் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்.

இதில் உங்கள் மாமியாருக்கும் பங்கு உண்டு. ஆயா வாயால், "வாடா, எங்கிட்ட வந்து படு" என்று ஒரு வார்த்தை வர வேண்டும். அதைவிடப் பெரிய மருந்து என்னிடம் இல்லை. அவர் ஊசி போட்டுக்கொள்வதையும் பேரனுக்காக என்று சொல்லிக் கேளுங்கள். நடிகர் விவேக் மரணத்தை மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அதற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று இந்த மாதம்தான் சொல்லியிருக்கிறது. உங்கள் மாமியார் நம்பிய மனிதர் விவேக், அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் எடுத்துச் சொல்லுங்கள். செப்டம்பர் 12-இலிருந்து வாராவாரம் மெகா தடுப்பூசி முகாம் நடக்கிறது, நீங்களே கூட்டிப்போகலாம். ஊசி போட்டாலும் தொற்று வரலாம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். ஆயாவைக் காப்பது அந்த ஊசியின் வேலை, உங்கள் வேலை, அவருடைய வேலை. பத்து வயதுப் பையன் வேலை இல்லை. அதை அவன் காதுபட எல்லோரும் சொல்லுங்கள்.

இனி பள்ளிக்கூடம். ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில் 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதுக்காரர்களில் 61.6 சதவீதம் பேருக்கும் ஏற்கெனவே தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. அது பள்ளிகள் பெரும்பாலும் மூடிக்கிடந்த காலம். வீட்டுக்குள் வைத்துக்கொண்டதால் தப்பித்துவிட்டார்கள் என்று நாம் நினைத்த பிள்ளைகள்தான் அவர்கள். பெரும்பாலானவர்களுக்கு அது லேசாக வந்து போயிருக்கிறது. சின்ன வகுப்புகளையே முதலில் திறக்கலாம் என்று ஐசிஎம்ஆர் தலைவர் சொன்னதும் அப்போதுதான். ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் ஜனவரியில் பார்த்தபோது, 92 சதவீதக் குழந்தைகள் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த ஏதாவதொரு மொழித்திறனை இழந்திருந்தார்கள். தமிழ்நாடு அந்தக் கணக்கில் இல்லை, ஆனாலும் உங்கள் பையனின் ஏழாம் வாய்ப்பாடு அந்தக் கதையைத்தான் சொல்கிறது. அவன் மக்கு ஆகிவிடவில்லை, டீச்சரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாள் கணக்கும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 1-ஆம் தேதி திங்கள், 4-ஆம் தேதி தீபாவளி. மூன்றே நாள் போனால் விடுமுறை வந்துவிடும். தண்ணீரில் கால் நனைத்துப் பார்க்கிற மாதிரி அந்த மூன்று நாள் இருக்கட்டும். முகக்கவசம் இரண்டு வைத்தனுப்புங்கள், மழையில் நனைந்தது உதவாது. வகுப்பில் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காய்ச்சல் வராத வீடு ஏது? கட்டாயம் ஒரு நாள் அவனுக்கும் உடம்பு சுடும். அந்த நாளுக்கு இப்போதே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: உடம்பு சரியில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். பயந்த பிள்ளை காய்ச்சலை மறைக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், டெஸ்ட் எடுங்கள், 'எங்கேடா போனே' என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

கை கழுவுவதைத் திட்டியோ கையைப் பிடித்தோ நிறுத்தாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள், அந்தச் சாக்கில் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். நாலைந்து வாரத்தில் குறையாவிட்டால், தூக்கமோ சாப்பாடோ கெட்டால், அல்லது 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரி எதையாவது சொன்னால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது, உங்களுக்குப் பஸ்ஸில் எட்டுகிற தூரம்தான். 104-இல் கூப்பிட்டாலும் பேசுவார்கள்.

துக்க வீடு, இந்த வருஷம் தீபாவளி இருக்காது. தாத்தா படத்துக்கு முன்னால் அன்றைக்கு விளக்கு மட்டும் ஏற்றுவீர்கள் என்றால், அதைப் பேரன் கையால் ஏற்றச் சொல்லுங்கள். நெய்ப்பந்தம் பிடிக்காத கை அது.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: தினமும் தாத்தாதான் வண்டியில் கூட்டிப்போவார். அவன் பள்ளிக்கு மட்டும் பயப்படவில்லை, தாத்தா இல்லாத அந்த வழிக்கும் பயப்படுகிறான் என்று நினைக்கிறேன். முதல் நாள் ஆட்டோ வேண்டாம். வீட்டுக்காரர் ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஓடுகிற நிலையில் இருந்தால் அதே டிவிஎஸ் 50-இல் அவனை உட்கார வைத்துக்கொண்டு போகட்டும். கெடிலம் பாலத்துக்கு முன்னால் எந்தத் தெருவில் திரும்புவார், எந்தக் கடையில் நிறுத்துவார் என்று அவனுக்குத்தான் தெரியும். அப்பா கேட்கட்டும், அவன் வழி சொல்லட்டும்.