கையை மாற்ற வேண்டாம், தாளை இடம் மாற்றுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, இடக்கைப் பழக்கம். நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் 43ஆம் கேள்விக்கான விடையை 44இல் நிரப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி தள்ளிப் போயிற்று. நாற்காலியில் எழுதும் பலகை வலப்பக்கம் இருந்ததால் முதுகும் தோளும் வலிக்கின்றன என்று வேறு அழுதாள். வெறும் கவனக்குறைவு என்கிறார் அவள் அப்பா. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. வட்டம் நிரப்புவதற்காவது வலக்கையைப் பழக்கிவிடலாமா?
– ஒரு தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டவே வேண்டாம். விடையை யோசிக்க வேண்டிய நேரத்தில் அவள் கையை மேய்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் அப்பாவை ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஓஎம்ஆர் விடைத்தாளை (வட்டங்களை நிரப்பித் தந்தால் இயந்திரம் படித்துத் திருத்தும் தாள்) மேசையில் வைத்து, பேனாவை இடக்கையில் பிடித்து, 43ஆம் கேள்வியின் முதல் வட்டத்தில் முனையை வைக்கட்டும். இப்போது அது எத்தனையாவது கேள்வி என்று படிக்கட்டும். கையை விலக்காமல் படிப்பது கடினம். கேள்வி எண் வட்டங்களுக்கு இடப்பக்கம் அச்சாகியிருக்கிறது. இடக்கை போய் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. வலக்கைக்காரருக்கோ எண் எப்போதும் கண்ணெதிரில் இருக்கும். உங்கள் மகளின் கவனமும் கொஞ்சம் தவறியிருக்கலாம், மறுக்கவில்லை. தவறுவதற்கு வழி செய்துகொடுத்தது அந்தத் தாள்.

ஆகவே அவள் முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும், பேனா முனையைக் கோடு விழாமல் அதன் அருகே கொண்டுபோக வேண்டும், அங்கிருந்து வலப்பக்கமாக வட்டத்துக்கு நகர வேண்டும். பத்துக் கேள்விக்கு ஒரு முறை வினாத்தொகுப்பின் எண்ணும் விடைத்தாளின் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்க்கட்டும். தவறு நேர்ந்தாலும் பத்துக்குள் நின்றுவிடும்.

அடுத்தது தாள்களின் இடம். வினாத்தொகுப்பு இடப்பக்கம், விடைத்தாள் வலப்பக்கம் என்றுதான் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு அது தலைகீழாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு விடைக்கும் கை வினாத்தொகுப்பைத் தாண்டிப் போய், அடுத்த கேள்வியை மறைக்கும். விடைத்தாளின் மேல் விளிம்பைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்தால் கை வரிக்குக் கீழே நிற்கும். மணிக்கட்டை மேலிருந்து வளைத்து எழுத வேண்டியிராது.

மைக்கறையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நானும் இடக்கைக்காரன்தான். ஒரு தேர்வில் என் உள்ளங்கையின் ஓரம் முழுக்க நீலமாக இருப்பதைப் பார்த்த கண்காணிப்பாளர், ஏதோ எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்தது நான் அப்போதுதான் எழுதி முடித்த கட்டுரை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக! கட்டுரையில் அது அசிங்கம், அவ்வளவுதான். ஓஎம்ஆர் தாளில் மதிப்பெண்ணே போகலாம். இயந்திரம் வட்டத்தின் கருமையைத்தான் பார்க்கிறது. பக்கத்து வட்டத்தில் அழுத்தமாகக் கறை படிந்தால் இரண்டு விடை குறித்ததாக அது எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டாவது பத்தி வட்டங்களை நிரப்பும்போது இடக்கை முதல் பத்தியின் மேல்தான் படுத்திருக்கும். எனவே ஜெல் பேனா வேண்டாம். விதிகள் அனுமதித்தால் சீக்கிரம் உலரும் பால்பாயிண்ட் நல்லது. பென்சில்தான் என்றால், அரங்கில் தரும் வெற்றுத் தாளைக் கைக்கடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

இனி நாற்காலி. நூறு பேரில் ஏறத்தாழ பத்துப் பேர் இடக்கைக்காரர்கள். 300 பேர் எழுதும் கூடத்தில் 30 பேர் இருப்பார்கள். ஆனாலும் இடப்பக்கப் பலகை வைத்த நாற்காலி ஒன்றுகூட இல்லாத கூடங்கள் உண்டு. முழங்கையை ஊன்ற இடமில்லாமல் உடம்பை முறுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் எழுதினால் யாருக்குத்தான் வலிக்காது? தேர்வு நடத்துபவர்களுக்கு இந்த வாரமே எழுதுங்கள். கூடுதல் நேரம் கேட்க வேண்டாம். இடக்கைப் பழக்கத்துக்காக மட்டும் அது கிடைப்பது அரிது. மேசை கேளுங்கள், சாதாரண மேசையே போதும். பதில் வந்தால் அதன் நகலை அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

பதில் வராவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. இடப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால், அதன் பலகை அவளுடைய இடக்கையை ஒட்டித்தான் இருக்கும். தேர்வு தொடங்கும் முன்பே கண்காணிப்பாளரிடம் கேட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீளப் பெஞ்சு என்றால் இடக்கோடி இடத்தைக் கேட்கட்டும், முழங்கைச் சண்டை இராது.

ஒருவேளை அவள் எழுதப்போவது கணினித் தேர்வு என்றால் நிலைமை வேறு. அங்கே மவுஸ் பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும். வலக்கையால் மவுஸ் பிடிக்க அவளுக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மற்றவர்கள் மவுஸை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடும்போது, அவள் இடக்கையால் கணக்குப் போட்டுக்கொண்டே வலக்கையால் விடையைச் சொடுக்கிவிடுவாள்.

மிச்சமிருக்கும் மாதிரித் தேர்வுகளில் இரண்டையாவது வலப்பக்கப் பலகை வைத்த நாற்காலியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒன்றை அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து, இடக்கையால் வட்டம் நிரப்பி எழுதட்டும்.