எரிமலைக்கு ஒருநாள் பயணம்: மலை மூடினால் எவ்வளவு திரும்பும்?

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, 8 மற்றும் 12 வயதில் இரண்டு பிள்ளைகள். பாடத்தில் படித்த எரிமலையை நேரில் காட்டிவர ஒருநாள் பயணம் போக ஆசை. ஏஜென்ட் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லி, முழுவதையும் இப்போதே கட்டச் சொல்கிறார். அவசர நிதியிலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். எரிமலை எந்தக் காலையிலும் மூடப்படலாம். ஹவாயில் கிலாவெயா எரிமலை உள்ள தேசியப் பூங்காவின் பெரும்பகுதி 2018 மே மாதம் மூடப்பட்டு, செப்டம்பரில்தான் திறந்தது. ஆகவே "மொத்தம் எவ்வளவு?" என்பதற்கு முன்னால் "மலை மூடினால் எவ்வளவு திரும்பும்?" என்று கேளுங்கள்.

ஏஜென்டிடம் தொகையைப் பிரித்துக் கேளுங்கள்: போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, வழிகாட்டி, சாப்பாடு, காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்ட வேண்டிய கடைசித் தேதியையும், ரத்தானால் திரும்பும் தொகையையும் எழுதுங்கள். விதிமுறைகளில் "மாற்றுப் பாதையில் அழைத்துச் செல்லப்படும்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எரிமலைவாய் மூடியிருந்தாலும் சேவை தரப்பட்டதாகவே கணக்காகும். ரீஃபண்ட் கிடைப்பது கடினம். முன்பணம் மட்டும் கட்டி, மீதியைப் பயணத்துக்குச் சில நாள் முன்பு தர முடியுமா என்று பேசிப் பாருங்கள். முழுப் பணத்தையும் இப்போதே கேட்டு, திருப்பித் தருவதைப் பற்றி எழுத்தில் எதுவும் தராதவரிடம் கட்டாதீர்கள்.

நுழைவுச்சீட்டு இடத்துக்கு இடம் மாறும். இத்தாலியின் வெசுவியஸில் ஆளுக்கொரு சீட்டு. தேதியும் நேரமும் குறித்து ஆன்லைனில் முன்பே எடுக்க வேண்டும். ஹவாய்ப் பூங்காவில் காருக்கு ஒரே கட்டணம், 7 நாள் செல்லும். மூடுபனி மறைத்தால் அங்கே மறுநாள் மீண்டும் போகலாம். நேரம் குறித்த சீட்டில் அந்த வசதி இல்லை.

வாடகைக் கார் எடுத்தால் காப்பீட்டில் என்ன விலக்கப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். சாம்பலும் மணலும் பெயின்டையும் கண்ணாடியையும் அரித்துவிடும். ஐஸ்லாந்தில் இதற்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். தார் போடாத சாலையில் போனால் காப்பீடே செல்லாது என்ற நிபந்தனையும் சில ஒப்பந்தங்களில் உண்டு.

பயணக் காப்பீட்டை முதல் தவணை கட்டும் நாளிலேயே எடுங்கள். எச்சரிக்கை அறிவித்த பிறகு வாங்கினால், அது ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று க்ளெய்மைத் தள்ளிவிடுவார்கள். இரவு தங்காத பயணத்துக்குச் சில பாலிசிகள் பொருந்தாது. இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எரிமலையின் ஆபத்தைச் சொல்லும் எச்சரிக்கை நிலையின் எண் எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தராது. ஜப்பானில் 5 நிலைகள். 2 என்றால் எரிமலைவாய் அருகே போகக் கூடாது. இந்தோனேசியாவில் 4 நிலைகள்தான். குறைந்த எண் இருந்தால் ஆபத்து இல்லை என்றும் பொருள் இல்லை. 2014 செப்டம்பர் 27 அன்று ஜப்பானின் ஒன்டாகே வெடித்தபோது நிலை 1தான். 58 பேர் இறந்தார்கள், 5 பேர் கிடைக்கவே இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளோடு என்றால், எரிமலைவாய் விளிம்பை விட்டுவிட்டு தூரத்துக் காட்சிமுனையைத் தேர்ந்தெடுக்கவே சொல்வேன். வழிகாட்டிச் செலவும் அதில் பெரும்பாலும் குறையும்.

உடுப்பில் வீண்செலவு வேண்டாம். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிரும். அடிவாரத்தில் 28 டிகிரி என்றால் 2000 மீட்டர் மேலே 15தான். ஒருநாளுக்கு ஜாக்கெட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கிடைத்தால் போதும், பிள்ளைகளின் கால் எப்படியும் வளர்ந்துவிடும். எரிமலைக்குழம்பு உறைந்த பாறை கண்ணாடிச் சில்லுபோல் கிழிக்கும், அதனால் செருப்பு ஆகாது. என்95 முகக்கவசம் சாம்பலைத்தான் தடுக்கும், கந்தக டை ஆக்சைடு வாயுவை அல்ல. சிறு முகத்தில் அது சரியாகப் பொருந்துவதும் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் புகை வரும் பக்கம் போகவே வேண்டாம்.

கற்றலுக்குத் தனியாகப் பணம் அதிகம் தேவைப்படாது. ஹவாய்ப் பூங்காவில் சிறுவர்களுக்கான ஜூனியர் ரேஞ்சர் பயிற்சி இலவசம். மலை மூடினாலும் பாடம் நிற்காத இடமாகப் பாருங்கள். வெசுவியஸ் மூடியிருந்தால், கி.பி. 79இல் அது புதைத்த பழைய ரோமானிய ஊர்களான பொம்பேயும் ஹெர்குலேனியமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இனிக் கணக்கு. மொத்தச் செலவை 100 என்று வையுங்கள், அதன்மேல் 15 கூட்டுங்கள். கூடுதல் போக்குவரத்தும் மாற்று நுழைவுச்சீட்டும் இதில் அடங்கும். பயணத்துக்கு 10 மாதம் இருந்தால் மாதம் 11.5 வீதம் தனிக் கணக்கில் சேமியுங்கள். திரும்பாத பகுதி 25ஐத் தாண்டினால், ஏஜென்டை விட்டுவிட்டு நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கட்டும்போது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை தராமல் பணத்தைப் பிடித்துக்கொண்டால் வங்கியில் முறையிட வழி இருக்கும். சேமித்த பணம் கணக்கில் இருப்பதால், பில் வந்ததும் முழுவதையும் அடைத்துவிடுங்கள்.