கழுத்து ஆபரேஷனை அறுவடை வரை தள்ளிப்போடலாமா?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 61. ஆறேழு மாதமாக இரண்டு கையும் மரத்துப்போகிறது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறார். வரப்பில் நடந்தால் கால் பின்னுகிறது. செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, கழுத்தில் ஜவ்வு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது, ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். கழுத்தில் கத்தி வைத்தால் கை கால் விழுந்துவிடும் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். அப்பாவோ தை மாதம் அறுவடை முடியட்டும் என்கிறார். என்ன செய்வது?"

தள்ளிப்போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

கழுத்தில் ஜவ்வு பிதுங்கியவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. கைக்குப் போகும் நரம்பு மட்டும் அழுந்தினால் தோளிலிருந்து விரல் வரை சுரீரென்று வலிக்கும். அது பெரும்பாலும் மாத்திரை, பிசியோதெரபி, கொஞ்சம் ஓய்வு என்று சில வாரங்களில் அடங்கிவிடும். உங்கள் அப்பாவுக்கு அழுந்துவது தண்டுவடம். பொத்தான் போட முடியாததும் செருப்பு கழன்றது தெரியாததும் அதன் அடையாளங்கள். இதில் வலி அதிகம் இருக்காது. அதனால்தான் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். சில மாதம் அப்படியே நிற்பதுபோல் இருக்கும், அப்புறம் திடீரென்று ஒரு படி இறங்கும்.

இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம், மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. போன பலத்தில் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு நாள் அழுந்திக் கிடந்தது என்பதைப் பொறுத்தது. அப்பாவிடம் அவர் பாஷையிலேயே சொல்லுங்கள்: வாடிய பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சினால் நிமிரும், கருகிய பின் பாய்ச்சினால் நிமிராது.

கை கால் விழுந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வருவதுதான். ஆபத்து அறவே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்லக்கூடாது. ஆனால் அது அரிது. இந்த நிலையில் ஈர வரப்பில் வழுக்கி ஒரு முறை விழுந்தால் தண்டுவடத்துக்கு வரும் ஆபத்துதான் எனக்குப் பெரிய கவலை. ஆபரேஷன் நாள் வரை தலைச்சுமை, வரப்பு நடை, பைக் பயணம் எதுவும் வேண்டாம். சுளுக்கு எடுப்பது, சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பது, இரண்டும் கூடவே கூடாது.

ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் அழுத்தம் என்றால் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கம் சிறிதாகக் கீறி, பிதுங்கிய ஜவ்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ சிறு கூடோ வைத்து, மேலும் கீழும் உள்ள எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளத் தகடும் திருகும் போடுவார்கள். பல இடங்களில் அழுத்தம் என்றால் பின்பக்கம் வழியாகச் செய்வதுண்டு. அதில் கழுத்துத் தசை வலி கொஞ்சம் கூடுதல். இரண்டும் முழு மயக்கத்தில்தான்.

பெரும்பாலானவர்களை மறுநாளே நடக்க வைப்பார்கள். முன்பக்கம் செய்தவருக்குத் தொண்டை வலிக்கும், சோறு இறங்கச் சிரமப்படும், குரல் கரகரக்கும். வீட்டில் எல்லோரும் பதறுவது இதற்குத்தான். குழைந்த சாதம், கஞ்சி, இட்லி என்று கொடுங்கள். பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ சரியாகிவிடும். ஆனால் கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. வார்டில் இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், வீட்டில் என்றால் 108. காய்ச்சல், காயத்தில் நீர் அல்லது சீழ், கை காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் அடைப்பு இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீடு திரும்பும்போது பஸ் வேண்டாம், கார் பிடியுங்கள். கழுத்துப் பட்டை சிலருக்குப் போடுவார்கள், சிலருக்குத் தேவையே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நீங்களாகப் போட வேண்டாம். கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வையுங்கள், ராத்திரி விளக்கு எரியட்டும். காலையும் மாலையும் வாசலில் நடக்கட்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும், எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும். சர்க்கரை நோய் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எலும்பு ஒட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம், சிலருக்கு இன்னும் கூட. களத்துமேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்ப்பதெல்லாம் சில வாரங்களில் முடியும். மண்வெட்டி பிடிப்பதும் டிராக்டர் ஓட்டுவதும் எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகுதான். நெல் மூட்டையைத் தலையில் தூக்குவதை இனி அடியோடு விட்டுவிடச் சொல்வேன். கை மரப்பு மறைய ஒரு வருடம்கூட ஆகலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். இரண்டாம் மாதத்திலேயே "ஒன்றும் சரியாகவில்லையே" என்று அவர் மனம் தளர்ந்தால், இதை எடுத்துச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

செலவை நினைத்துத் தயங்கினால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிட் ஆவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் காட்டி, இந்த ஆபரேஷனுக்கு அனுமதி கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.