சி புரோகிராமிங் மொழில அர்ரே, பாயின்டர், ஃபங்ஷன்: சந்தேகம் இருந்தா கேளுங்க

கேள்வி: குளோபலா (எல்லா ஃபங்ஷனுக்கும் தெரியுற மாதிரி) 10 இன்ட், அதாவது முழு எண், வரிசையா வெச்ச மார்க்ஸ் அர்ரே. ஆவரேஜ் போடுற ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ள சைஸ்ஆஃப் (எத்தனை பைட்னு சொல்றது) போட்டா 40 (ஒரு இன்ட்டுக்கு 4 பைட்) வராம 8 வருது. கம்பைலர் (கோடை மெஷின் மொழிக்கு மாத்துற புரோகிராம்) பக்-ஆ?

பதில்: கம்பைலர் மேல பழி போடாதீங்க. சி-ல முழு அர்ரேயை அப்படியே அனுப்புறதுங்கற பேச்சே கிடையாது, முதல் எலிமென்ட்டோட அட்ரஸ் மட்டும்தான் போகும். பாராமீட்டர்ல (ஃபங்ஷன் வாங்கிக்கிற மதிப்பு) பிராக்கெட் போட்டு 10னு எழுதினாலும் அது இன்ட் ஸ்டார் தான், அதாவது ஒரு இன்ட்டோட அட்ரஸை வெச்சிருக்கிற பாயின்டர், 64 பிட் மெஷின்ல அது 8 பைட். நீளத்தையும் தனியா அனுப்புங்க.

கேள்வி: குளோபல் தானே, எதுக்கு அனுப்பணும்?

பதில்: நாளைக்கு இன்னொரு அர்ரேக்கும் ஆவரேஜ் வேணும்னா ஃபங்ஷனை காப்பி அடிப்பீங்களா?

கேள்வி: சார், நான் எம்பெடட்ல (மெஷினுக்குள்ள இருக்கிற சின்ன சிப்புக்கு புரோகிராம் எழுதுற வேலை) இருக்கேன், எங்ககிட்ட எல்லாமே குளோபல் தான். இது காலேஜ் பேச்சு.

பதில்: டேட்டா குளோபலா இருக்கட்டும்ங்க, யாரு வேணாம்னா? அதைத் தொடுற ஃபங்ஷன் பாராமீட்டர் வழியா வாங்கட்டும்னு தான் சொல்றேன். இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு (ஹார்டுவேர் கூப்பிட்டதும் தானா ஓடுற ஃபங்ஷன்) ஆர்குமென்ட் கிடையாது, அங்க குளோபல், வோலடைல் (மதிப்பு எப்ப வேணா மாறலாம்னு கம்பைலருக்குச் சொல்ற வார்த்தை) எல்லாம் சரி.

கேள்வி: (அதே எம்பெடட்) இருக்கிறதே ஒரு யுவார்ட் பஃபர் (சீரியல் போர்ட் டேட்டாவை வெக்கிற அர்ரே), ரெண்டாவது எங்கிருந்து வரும்?

பதில்: போர்டு இல்லாம பிசி-ல டெஸ்ட் பண்ணுறப்போ வரும். பொய் டேட்டா நிரப்பின ஒரு அர்ரேயை குடுத்துப் பாக்கணும்ல, அப்போ என்ன செய்வீங்க?

கேள்வி: ஒரு ஃபைல்ல மார்க்ஸ் அர்ரே, இன்னொண்ணுல எக்ஸ்டர்ன் (வேற ஃபைல்ல இருக்குன்னு சொல்றது) இன்ட் ஸ்டார் மார்க்ஸ். லிங்க் ஆகுது, ஓட்டினா செக்மென்டேஷன் ஃபால்ட்.

பதில்: அப்பாடா, நல்ல கேள்வி. அர்ரேயும் பாயின்டரும் ஒண்ணுதான்னு வகுப்புல சொல்லித் தந்ததோட விளைவு இது. அர்ரேன்னா அந்த இடத்துலயே மார்க் வரிசையா உக்காந்திருக்கு, பாயின்டர்னா அந்த இடத்துல ஒரு அட்ரஸ் இருக்கு. ரெண்டாவது ஃபைல் உங்க பேச்சை நம்பி முதல் 8 பைட்டை அட்ரஸ்னு எடுத்துக்குது, அதாவது முதல் பையனோட 35-ம் ரெண்டாவது பையனோட 42-ம் ஒட்டிக்கிட்டு ஒரு அட்ரஸ் ஆகி அங்க போய் படிக்கப் பாக்குது, அந்த இடம் உங்க புரோகிராமுக்குச் சொந்தமே இல்ல, செத்துடுது. லிங்கருக்கு (ஃபைல்களை ஒண்ணா சேர்க்கிற புரோகிராம்) பேரு மேட்ச் ஆனா போதும், டைப்பை அது பாக்காது. எக்ஸ்டர்ன் இன்ட் மார்க்ஸ், காலி பிராக்கெட், இதை ஒரு ஹெடர்ல (பல ஃபைல் பகிர்ந்துக்கிற ஃபைல்) எழுதி ரெண்டு ஃபைல்லயும் இன்க்ளூட் பண்ணுங்க. டைப் மாறினா கம்பைலரே கத்தும்.

கேள்வி: ஹெடர்லயே எக்ஸ்டர்ன் இல்லாம அர்ரே போட்டிருக்கேன், பழைய மெஷின்ல ஓடுச்சு, இப்போ மல்டிபிள் டெஃபினிஷன்னு எரர்.

பதில்: ஒரே பேர்ல பல ஃபைல்ல இருக்கிறதை ஒண்ணாக்கிடுற சலுகை, 2020-ல வந்த ஜிசிசி (சி கம்பைலர்) 10-லேர்ந்து டிஃபால்ட்டா கிடையாது. ஹெடர்ல எக்ஸ்டர்ன், ஒரே ஒரு சி ஃபைல்ல டெஃபினிஷன்.

கேள்வி: பாயின்டரை அனுப்பி, ஃபங்ஷனுக்குள்ள அதுக்கு மலாக் (மெமரி கேட்டு வாங்குறது) பண்ணேன், வெளிய வந்தா பாயின்டர் இன்னும் நல் (NULL, எந்த அட்ரஸும் இல்ல).

பதில்: உங்க பாயின்டரோட காப்பியைத்தான் மாத்தினீங்க. பாயின்டரோட அட்ரஸை அனுப்புங்க, பாராமீட்டர் டைப் இன்ட் ஸ்டார் ஸ்டார். இல்லைன்னா ரிட்டர்ன் பண்ணுங்க.

கேள்வி: அப்போ 3க்கு 4 டூ டி (3 வரிசை, 4 பத்தி) அர்ரேயையும் ஸ்டார் ஸ்டார்ல வாங்கலாமா?

பதில்: கூடாது! அங்க பாயின்டர் வரிசையே இல்ல, 12 இன்ட் தான். ரெண்டாவது பிராக்கெட்ல 4-ஐ கண்டிப்பா எழுதணும்.

கேள்வி: சார் ஃபங்ஷன்ல சைஸ்ஆஃப் தப்பா வருது

பதில்: முதல் கேள்வி.

கேள்வி: எனக்கு 8 வரல சார், 2 வருது.

பதில்: டர்போ சி-யா (பழைய 16 பிட் கம்பைலர்)? அதோட ஸ்மால் மாடல்ல (சின்ன மெமரி அமைப்பு) பாயின்டர் 2 பைட் தான். முதல்ல ஜிசிசி போடுங்க, அப்புறம் நீளத்தை அனுப்புங்க.